எதிர்பார்த்தது, கிடைத்தது

பேட்ச் வந்தது இரவு பதினொன்று பத்துக்கு.
தொள்ளாயிரத்து நாற்பது வரி.
அனுப்பியவர் கும்மடி மொகிலீஸ்வர், நகரி.
இங்கிருந்து பேருந்தில்
ஒரு தூக்கம்கூட முழுசாய் முடியாத தூரம்.
முன்பின் தெரியாது.
ஒற்றை வரிக் குறிப்பு:
எங்கள் ஊர்ப் பெயர்களை
உங்கள் நிரல் தப்பாய்ப் பிரிக்கிறது.

உங்கள் நிரலாம்.
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று
உரிமக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.
பக் என்று வந்தால் மட்டும்
அது என் ஒருத்தியுடையது.

பொதட்டூர்பேட்டையில்
பகலெல்லாம் சைசிங் மில்லில் கணக்கு எழுதி,
இரவில், சுவருக்கு அந்தப்பக்கம் எட்டு விசைத்தறிகள்
என் மேசையையும் சேர்த்து நெய்துகொண்டிருக்க,
நான் பெயர்களைப் பிரிக்கிறேன்.
இன்ஷியல் தனி. பெயர் தனி.
நாலைந்து பள்ளிகள், ஒரு பால் சங்கம்,
ஒரு கண் மருத்துவமனை
இதை வைத்துத்தான் ஓடுகின்றன.
உடைந்தால் சொல்வார்கள்.

திறந்து பார்த்தேன்.
எண்ணூறு வரி வெறும் இடைவெளி.
என் டேப்களையெல்லாம் அழித்து
ஸ்பேஸ் வைத்திருக்கிறார் மனுஷன்,
ஒழுகுகிற ஓட்டை மாற்ற ஏறியவர்
சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டு இறங்கிய மாதிரி.

அலங்காரத்தை விடுங்கள்,
திருத்தத்தை மட்டும் தனியே அனுப்புங்கள்,
கூடவே டெஸ்ட் எழுதுங்கள் என்றேன்.
அனுப்பும் முன் மேலே ஒரு நன்றி சேர்த்தேன்.
அது ஒட்டவைத்ததுபோலவே தெரிந்தது.

மூன்று வாரம் சத்தமே இல்லை.
இப்படி நான் திருப்பி அனுப்பி
திரும்பி வராதவர்கள் ஏழு பேர்.
அவர்கள் புனைபெயர்கள் இன்னும் மனப்பாடம்.

வந்தார்.
அறுபத்தொரு வரி. பதினான்கு டெஸ்ட்.
சிந்தல ரெட்டெம்மா,
பத்திகொண்ட சுப்பரத்னம்மா,
வீட்டுப் பேர் முன்னால் நடக்க
ஒரு தெருவே வரிசையில் நிற்கிறது.
முதல் ஓட்டத்தில் அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
தறிகள் நின்ற அமைதியில்
என் லேப்டாப்பின் செத்த பேட்டரி
எனக்கே கேட்டது.

இரண்டாவது ஓட்டம்.
நானூற்றுப் பதினொன்று பச்சை.
ஒன்று சிவப்பு. பதினேழாம் எண்.

எதிர்பார்த்தது: தந்தை பெயர்.
கிடைத்தது: தெரியவில்லை.

அவர் எழுதிய டெஸ்ட் இல்லை அது.
ஆறு வருஷத்துக்கு முன்
ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே என்று
நானே அடித்துவைத்தது: பி. முனிரத்தினம்.
என் அப்பா.

பழைய டெஸ்டை உடைக்கிற பேட்ச் உள்ளே வராது.
விதி எழுதியவளும் நான்தான்.
நிராகரிக்க ஒரு பொத்தான் போதும்.
விரல் அதன்மேல் இருந்தது.

அப்பாவின் அப்பா செங்கையா.
செ எங்கே, பி எங்கே?

பீரோவில் நெசவாளர் சங்கப் புத்தகம்.
முதல் பக்கத்தில், உருண்டைத் தெலுங்கில்,
புட்டா முனிரத்னம்.
புட்டா எங்கள் வீட்டுப் பேர்.
பள்ளிப் பதிவேட்டில் யாரோ அதை
ஒரு எழுத்தும் ஒரு புள்ளியுமாகக் குறைத்திருக்கிறார்கள்.
நான் வந்து
அந்தப் புள்ளிக்கு ஒரு தந்தையைக் கற்பித்திருக்கிறேன்.

நிரல் சொன்னதும் பொய்,
டெஸ்ட் கேட்டதும் அதே பொய்.
இரண்டும் ஒத்துப்போனதால்
ஆறு வருஷம் பச்சை.

எதிர்பார்ப்பைத் திருத்தினேன்: தெரியவில்லை.
மறுபடி ஓட்டினேன்.
கமிட்டில் எழுதியது இவ்வளவுதான்:
பதினேழாவது டெஸ்ட் தவறு. பேட்ச் சரி.

மெர்ஜ் செய்தபோது மணி ஒன்று இருபது.
மேசையிலிருந்து அசையாத என் போனை
ஆந்திரப் பிரதேசம் அன்புடன் வரவேற்றது.
இங்கே டவர் அப்படித்தான்,
எது கிடைக்கிறதோ அதைப் பிடிக்கும்.

வரிசையில் இன்னும் பன்னிரண்டு.
முதலாவது, திருவள்ளூரிலிருந்து:
இன்ஷியலே வேண்டாம் என்று விட்டவள் நான்.
உங்கள் நிரல் என் பெயருக்கு முன்னால்
ஒரு புள்ளி வைக்கிறது.