தூக்கம்

வாளையாறு எடைமேடையில் எனக்கு இரவு ஷிப்ட்.
லாரி ஏறும், நிற்கும், சீட்டு வரும்:
மொத்தம். காலி. சரக்கு.
கழித்தால் தீர்ந்தது.
அறுபது டன் தாங்குகிற இரும்புக்குப்
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும்.

முப்பதாம் வாரமே வந்துவிட்டாள்,
ஆயிரத்து நூற்று எண்பது கிராம்.
பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர்
செங்கமலத்தின் குழந்தை.
முதல் வாரம் அதிலும் தொண்ணூறு போயிற்று.
நீர்தான், எல்லாப் பிள்ளைக்கும் வற்றும் என்றார்கள்.
மணலை நனைத்து ஏற்றி வருகிறவர்களை எனக்குத் தெரியும்,
டயருக்கடியில் சொட்டுவதைப் பார்த்தே சொல்வேன்.
இவளிடம் சொட்டுவதற்கு என்ன இருந்தது?

"தூக்கம் கொறவாணு" என்றாள் நர்ஸ்.
செங்கமலம் உடுமலைக்காரி. அழுதுவிட்டாள்.
"நாள் முச்சூடும் தூங்கறா,
இன்னும் எவ்வளவு தூங்கோணுமாம்?"
இந்தப் பக்கம் தூக்கமென்றால் எடை என்றேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்,
சொல்லை மாற்றி வைத்தது நான்தான் என்பதுபோல.

ஏழு வாரம் போய் இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
கன்னம் வந்திருந்தது. தொடையில் ஒரு மடிப்பு.
ஒரே மடிப்பு,
செங்கமலம் அதைத் தினமும் எண்ணினாள்.

டாக்டர் நிஷிதா தமிழில் கேட்டார்:
"எடை சரி. எதோட எடை?"
பதினோரு வருஷத்தில் ஒரு டிரைவரிடமும்
நான் கேட்காத கேள்வி.
பஞ்சோ கம்பியோ, மேடைக்கு ஒன்றுதான்.

லிஜி துணியெல்லாம் கழற்றினாள்,
முடி படியக் குல்லா மாட்டினாள்,
கைப்பட்டையின் எடையைக்கூடத் தனியே கழித்தாள்.
தொழில் தெரிந்தவள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தி மூடினாள்.
இரண்டு நிமிடம்.
உள்ளே எத்தனை காற்றைத் தள்ளிவிட்டு
அவள் இடம் பிடித்திருக்கிறாள் என்று
மெஷின் பார்க்குமாம்.
கொழுப்பு இடத்தை அடைக்கும்,
சதையும் எலும்பும் ஒடுங்கி உட்காரும்.

ஆடியில் கணவாய்க் காற்று
காலி லாரியைக்கூட ஆட்டும்.
எண்கள் தள்ளாடும்,
நான் அடங்கும்வரை காத்திருப்பேன்.
இங்கே காற்றைப் பிடித்து அடைத்திருந்தார்கள்.
அதை ஒரு கால் உதைத்தது.
செங்கமலம் மூடியைத் தொடப் போனாள்,
லிஜி தலையாட்டினாள்.
கை அங்கேயே நின்றது, கண்ணாடிக்கு ஒரு சாண் மேலே,
இரண்டு நிமிடமும்.

கொழுப்பு பதினேழு சதவீதம்,
முந்நூற்று அறுபத்து நான்கு கிராம்.
மிச்சம் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு:
எலும்பு, சதை, நீர், குடல், மூளை
எல்லாம் ஒரே வரியில்.
முந்தி வந்த பிள்ளைகளுக்கு இப்படித்தான்,
கொழுப்பு முந்தும், சதை பிந்தும்,
பாலில் கலக்குற பொடியை மாத்தலாம்,
பேடிக்கண்டா, என்றார் டாக்டர்.

செங்கமலம் கேட்டாள்:
"அப்ப அந்த மடிப்பு பொய்யா?"
டாக்டர் பேனாவை மூடினார்.
"பொய்யில்லை. குளிருக்கு வேணும்."

வீட்டுக்கு விட்ட அன்று
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
ஆட்டோவை மேடையருகே நிறுத்தச் சொன்னேன்.
நான் அறுபத்து நான்கு கிலோ ஆள்.
தனியே ஏறினேன். அறுபது.
அவளை வாங்கிக்கொண்டு ஏறினேன். எழுபது.

காற்று, என்றான் பகல் ஷிப்ட் ஹனீபா.
ஆறைப் பத்தாக்குவது
எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியாதா.
ஆனாலும் சீட்டுப் போடச் சொன்னேன்.
சரக்கு: பத்து கிலோ.

பின்னால் சிமெண்ட் லாரி ஹாரன் அடித்தான்.
தூக்கம் கலையாமல்
முகத்தை மட்டும் சுளித்தாள்.
"வெயில் ஏறுது, வாங்க" என்றாள் ஆட்டோவிலிருந்து.
இறங்கினேன்.
எண் திரும்பிச் சைபருக்குப் போகக்
கொஞ்ச நேரம் பிடித்தது.