நின்ற நேரம்

இருபத்திரண்டு நிமிடம்.
வழக்கின் மொத்த நீளம் அவ்வளவுதான்.
அதை இழுத்து இழுத்து
நான்காம் நாளாகப் பேசுகிறார்கள்
மெல்பர்ன் நீதிமன்றத்தின் ஏழாம் மாடியில்.

ஸ்வோன்கோ மாட்டெஷிச் என்று கூப்பிட்டார்கள்.
குரோஷியா விட்டு வந்தபின்
என் பெயரை இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லை.
தளத்தில் நான் வெறும் ஸ்வோன்.

"பத்து இருபதுக்கு வேலையை நிறுத்தினீர்களா?"

நிறுத்தினேன் என்பதா, நின்றது என்பதா.
ஃபெலேட்டி கையுறையைக் கழற்றினான்.
பம்ப்காரன் அதைப் பார்த்து விசையை அணைத்தான்.
குழாய் ஒருமுறை உதறி அடங்கியது.
பிறகு பார்த்தால்
கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறேன்,
மடியில் மட்டப்பலகை.

"காரணம்?"

காற்று என்றேன்.
பிப்ரவரி. இந்த ஊரில் வாடைதான் சுடும்.
கம்பெனி வக்கீல் ஹார்க்னெஸ் அம்மா
கிரேன் உச்சிக் கருவியின் தாளை நீட்டினார்.
முப்பத்தொன்று. ஐம்பதுவரை அனுமதி.
கோடு அழகாகத்தான் இருந்தது.

அப்படியானால்
போன வாரம் வெளியே அனுப்பிய இரண்டு பேருக்காகவா?
டீ வேளையில் சங்கத்துக்காரர் சொன்ன சொல்லுக்காகவா?
ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

ஒன்று என்றால் சட்டப்படி.
இன்னொன்று என்றால் சட்ட விரோதம்.
முந்தின நாள் பலகைக் கட்டு சுழன்று
ஃபெலேட்டியின் தலைக்கவசத்தை உரசிப் போனது;
அதுவும் அன்றைக்கு என் முழங்காலில் இருந்தது.
அந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.
காற்றும் இருந்தது, அம்மா,
தாளில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட.

இருபத்திரண்டு நிமிடத்துக்கு
நான்கு மணி நேரக் கூலியைப் பிடித்தார்கள்.
பிடிக்காவிட்டால் கம்பெனிக்கே தண்டனையாம்;
சம்பளம் போடும் பெண்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிடித்தாள்.

மூன்றாவது லாரியைத் திருப்பி அனுப்பியது நாங்கள் இல்லை.
அது பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
மதியத்துக்குமேல் அடுத்த லாரி வந்தபோது
ஊற்றின பாதி இறுகிப்போயிருந்தது.
கலவை யாருக்காகவும் வாய்தா வாங்காது.
பழசும் புதுசும் ஒட்டாத இடத்தில்
தலைமுடி கனத்தில் ஒரு கோடு.
அதன்மேல் இப்போது தரைவிரிப்பு,
மேலே பல் டாக்டர்.

ஒரு மணி அடித்தது.
நீதிபதி பேனாவை மூடி எழுந்தார்.
எழுத்தர், வக்கீல்கள், தட்டச்சுக்காரர்
அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள்,
ஒரே நொடியில், ஒரு சொல் இல்லாமல்.
யார் சொல்லி என்று கேட்க வாய் வந்தது.
தண்ணீர் குடித்தேன்.

வெளியே எதிர்ப் பெஞ்சில் ஃபெலேட்டி,
கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில்.
என் சாட்சியம் முடியும்வரை பேசக்கூடாதென்று உத்தரவு.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
வெறுங்கை விரல்களை ஒவ்வொன்றாக
இழுத்துக்கொண்டிருந்தான்,
கையுறை கழற்றுகிறவன்போல.