இடது இண்டிகேட்டர்

ராஜ்தூத்தின் பழைய விளக்கு
இன்ஜினோடு சேர்ந்துதான் மூச்சு விடும்.
முறுக்கினால் மஞ்சள்,
விட்டால் அணையப்போகும் பீடி.
பள்ளம் வருகிறதே என்று வேகம் குறைத்தால்
பள்ளத்தைப் பார்க்க வேண்டிய அதே நொடியில்
மங்கிவிடும்.
பதினோரு வருடம் இப்படித்தான்
செகண்ட் ஷிஃப்ட் முடித்து
ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை தாண்டி
பள்ளங்களை மனப்பாடமாய் ஓட்டி வந்தேன்.

எல்.இ.டி. மாட்டிடலாம் என்றான் வேடியப்பன்.
போனஸ் வந்திருந்தது.
மாட்டு என்றேன்.

அதற்கு ஏறி இறங்கும் கரண்ட் ஆகாதாம்,
ஆறு வோல்ட் போதாதாம்,
காயிலையே புதிதாகச் சுற்ற வேண்டுமாம்.
கெலமங்கலத்தில்
போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பச்சையம்மாள்
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
"இது என்னா, எலிக்குட்டியா?" என்றாள்.
ஆயிரம் அடித் தண்ணீரை எழுப்புகிற கை
உள்ளங்கையளவு இரும்பில்
செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றியது.
நடுவில் போன் அடித்தது. எடுக்கவில்லை.
எடுத்திருந்தால் எண்ணிக்கை போயிருக்கும்,
என் வெளிச்சமும்.

ரெக்டிஃபையர், சீட்டுக்கடியில் சின்ன பேட்டரி,
ஹேண்டில்பாரில் சாவியோடு சேராத தனி சுவிட்ச்.
ஹெட்லைட்டின் குரோம் வளையத்தை மட்டும்
மாற்ற விடவில்லை.
அதிலிருக்கும் நசுங்கல் என்னுடையது:
ராயக்கோட்டை, தக்காளி லாரி, ஒரு மழை நாள்.

கடைசியில் இண்டிகேட்டர்.
எரிந்தது. சிமிட்டவில்லை.
வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்தது.
பழைய ஃபிளாஷருக்குப் பாரம் வேண்டுமாம்;
கரண்டை இழுக்க ஆளிருந்தால்தான் துடிக்குமாம்.
புது விளக்கு பெரிதாக எதையும் கேட்பதில்லை.
வேடியப்பன் இடையில் ஒரு ரெசிஸ்டரைக் கட்டினான்.
சும்மா இருந்து சூடாவது மட்டுமே அதன் வேலை.
எங்கள் லைன் சூப்பர்வைசர் நினைவுக்கு வந்தார்.
டிக், டிக்.

முதல் இரவு
மத்திகிரி தாண்டியதும்
ரோடு முழுக்க யாரோ சுண்ணாம்பு அடித்தது போலிருந்தது.
பதினோரு வருடமாய்ச் சுற்றிப் போன ஓரிடத்தில்
பள்ளமே இல்லை.
எப்போதோ தார் ஊற்றி அடைத்திருக்கிறார்கள்.
எதிரே வந்த பால்வண்டிக்காரர்
டிம் பண்ணச் சொல்லி என் அம்மாவை இழுத்தார்.
என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள்.
சிரித்துக்கொண்டே டிம் பண்ணினேன்.

நொகனூர் காட்டோரத் திருப்பத்தில்
ஆளில்லாத ரோட்டில்
ஆசைக்கு
இடது இண்டிகேட்டர் போட்டேன்.
திரும்பினால்
கால்கள்.
நான்கு. பின்னால் இன்னும் நான்கு.
ராகி அறுப்பு மாதம்.

கை பழகியபடி இன்ஜினை அணைத்தது.
பழைய விளக்காயிருந்தால் கூடவே செத்திருக்கும்,
இருட்டு எங்கள் எல்லாரையும் ஒன்றாய்ப் போர்த்தியிருக்கும்.
இதுவோ இன்ஜின் போனதே தெரியாமல் எரிகிறது.
காதோரக் கிழிசல்,
தும்பிக்கையில் பாதி ராகிக் கட்டு,
வெளிச்சம் பட்டுச் சுருங்கும் ஒரு கண்.
பார்க்கக் கூடாத அளவுக்குப் பார்த்துவிட்டேன்.

கட்டைவிரல் சுவிட்சைத் தேடி
ஹாரனில் போய் நின்றது.
அழுத்தவில்லை.
அடுத்தது டிப்பர்.
அதற்கும் அடுத்தது அது.

அணைந்தது.

இண்டிகேட்டர் மட்டும்
டிக், டிக் என்று
நான் இடப்பக்கம் திரும்பப் போவதாக
யானைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.
ஆரஞ்சில் ஒரு கால். இருட்டு.
ஆரஞ்சில் ஒரு குட்டி, இதுவரை நான் பார்க்காதது. இருட்டு.
அதை அணைக்க விரல் நகரவில்லை.
பெரியது கொஞ்ச நேரம் யோசித்தது.
வலப்பக்கம் இறங்கிப் போயின.

வெகுநேரம் கழித்துக் கிக்கரை உதைத்தேன்.
ஹெட்லைட் போடவில்லை.
நிலா இருந்தது, போதும்.
இன்னும் இருக்கிறதா, அடைத்துவிட்டார்களா தெரியாத
பள்ளங்களை எல்லாம்
சுற்றிச் சுற்றி
வீடு வரை.