கவலைக்கிடமில்லை

முட்டிவரை நனைந்த கால்சட்டையோடு
காரின் முன்சீட்டில் உட்கார்ந்து
பதினொன்றாம் கட்டத்தை நிரப்புகிறேன்.
இனம்: குப்பிக்கோரை.
நிலை: கவலைக்கிடமில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில்
நர்ஸ் வந்து சொல்லும் வாக்கியம் போல இருக்கிறது.
கேட்டவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுக்
காபி குடிக்கப் போகலாம்.

பொய்யில்லை.
அலாஸ்காவில் இருக்கிறது, சைபீரியாவில் இருக்கிறது,
ஸ்காட்லாந்தின் ஏரி ஓரங்களில் இருக்கிறது.
இங்கே பின்லாந்தில்
அது இல்லாத நகராட்சியைச் சொல்லச் சொன்னால்
நான் திணறிப்போவேன்.
வரைபடத்தில் அதற்குப் பச்சை பூசினால்
பூமி தலையில் ஒரு கம்பளித் தொப்பி.

தண்டை விரலிடுக்கில் உருட்டினால்
மழுங்கிய மூன்று விளிம்புகள் தட்டுப்படும்.
காய்கள் கழுத்துச் சிறுத்த குட்டிக் குப்பிகள்.
உள்ளே ஒரே ஒரு விதை,
மிச்சமெல்லாம் காற்று.

வர்புநேவா சதுப்பில்
நான் ஓரடி வைத்தால்
பத்தடி தள்ளி நிற்கும் கோரையும் தலையாட்டும்.
தரை என்று நாம் நினைப்பது
தண்ணீர்மேல் அது பின்னிய வேர்ப்படுகை.
முதல் வருஷம் பயந்தேன்.
பிறகு, யாரோ நான் சொல்வதற்கெல்லாம்
ஆமாம் போடுவதுபோலப் பிடித்துப்போயிற்று.

காற்றாலைக்குப் பாதை வருகிறது.
ஐந்து காற்றாலை. மின்சாரம் வேண்டாமென்று
சொல்ல நான் யார்,
என் வீட்டிலும் எட்டு மாதம் ஹீட்டர் ஓடுகிறது.

முதலில் போட்ட கோடு
பக்கத்துச் சதுப்பு வழியே போனது.
அங்கே மூன்று தண்டு ஆர்க்கிட் கண்டுபிடித்தேன்.
அருகிவரும் இனம். சிவப்பு எழுத்தில் எழுதினேன்.
அடுத்த வாரமே
கோடு இருநூறு மீட்டர் வளைந்தது.
அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.
வளைந்த கோடு
வர்புநேவாவின் நடுவே போவதை
கேக் தின்று முடித்த பிறகுதான் பார்த்தேன்.

தாயிஸ்தோ மண்வெட்டி எந்திரத்தை நிறுத்தி
பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஊற்றினான்.
"இது ஏதாவது முக்கியமான புல்லா, இர்யா?"
புல் இல்லை, கோரை.
"சரி, முக்கியமா?"
இல்லை.
"நல்லது. போன வருஷம் ஒரு வண்டுக்காக
மூணு வாரச் சம்பளம் போச்சு."
அவனுக்கு மகள் இருக்கிறாள், பல்லுக்குக் கம்பி கட்டவேண்டும்.
அவனுடைய கவலையைக் கேட்க
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

பிற குறிப்புகள்: இருநூறு எழுத்துக்குள்.
ஒரு ஜோடி கொக்கு என்று எழுதினேன்.
தரை ஆமாம் சொல்கிறது என்று எழுதினேன்.
இரண்டாவதை அழித்தேன்.
கொக்கும் கவலைக்கிடமில்லாத பட்டியல்தான்.
அதையும் அழித்தேன்.
கையெழுத்து, தேதி.

அடுத்த ஜூன் மாதம்
தாயிஸ்தோவிடமிருந்து ஒரு போட்டோ.
பாதையின் இருபுறமும் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல ஓடை.
ஓடைக்குள் நீலம் கலந்த பச்சையில்
இலைகள் நிமிர்ந்து நிற்கின்றன.
"பாத்தியா, உன் கோரை சாகல."
உண்மையாகவே சந்தோஷப்பட்டிருந்தான்.
நானும் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.

மறுபடி கணக்கெடுக்கப் போனேன்.
போன வருஷம் இந்த இடத்தில்: உண்டு.
இந்த வருஷம்: உண்டு.
மாற்றம்: இல்லை.

விசிறியின் நிழல் என்மேல் ஏறி இறங்கி
பாதையைக் கடந்து போய்
மறுபடி வந்தது.
ஓடைக்கு அந்தப்பக்கம், பழைய சதுப்பு இருந்த இடத்தில்,
காய்ந்த பாசி பூட்ஸுக்கடியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.
ஓரடி வைத்தேன்.
கொஞ்சம் பலமாக இன்னோரடி.

ஓடைக்குள் கோரை
அசையாமல் நின்றது.