தை மாதத்துக் கிளிப்

ஆனிக் காற்றில் தகரக் கூரை தடதடக்கிறது.
பணகுடி விலக்கில், ஏத்தன் தார் ஏற்றிய வண்டியை
ஷெட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு இறங்கினார் சொரிமுத்து.
"வளைவுல ஸ்டியரிங் கல்லாக் கெடக்கு.
பிரேக்குல ஏறி நிக்கேன், அதுவும் கல்லுதான்."

நாங்குனேரியில் பூஸ்டரை மாற்றியிருக்கிறார்கள்.
வள்ளியூரில் ஸ்டியரிங் பம்பைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.
இரண்டு சீட்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.
பறக்காமலிருக்க பதினேழாம் நம்பர் ஸ்பானரை வைத்தேன்.
கூட்டினால் பதினோராயிரத்துச் சொச்சம்.

எது முதலில் வந்தது என்றேன்.
"ரெண்டும் சேந்துதான்."
எப்போது?
"சந்தைக்குள்ள, மெதுவா ஒடிக்கும்போது."
நாலுவழிச் சாலையில் ஒன்றுமே தெரியாதாம்.
வேறு ஏதாவது?
"வேற ஒண்ணுமில்ல."
கொஞ்சம் யோசித்து,
"ஒடிக்கையில பேட்டரி லைட்டு லேசா மினுக்கும்.
அது வயரிங்கு. எலக்ட்ரீசியன்ட்டதான் போவணும்."

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

எஞ்சினை அணைத்து ஐந்து முறை மிதித்தேன்.
பெடல் விறைத்தது.
மிதித்தபடியே சாவியைத் திருப்பினேன்.
கால் இறங்க வேண்டும்.
இறங்கவில்லை.
ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் இறங்கியது,
பஸ்ஸில் தூங்குகிறவன் தலை சாய்வதைப் போல.
விட்டுவிட்டு, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தேன்.
உள்ளேயிருந்து ஒரு கீச்சு.
டீக்கடை நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

ஆல்டர்னேட்டரின் முதுகில்
பிரேக்குக்குக் காற்று உறிஞ்சும் பம்பு.
அதற்குக் கீழே ஸ்டியரிங் பம்பு.
எல்லாவற்றையும் சுற்றுவது ஒரே பெல்ட்.
தொட்டுப் பார்த்தேன்,
வடை மடித்த காகிதம்.

பெல்ட்டை மாற்றிக் காசு வாங்கிக்கொள்ளலாம்,
ஒரு மாதத்தில் திரும்ப வரும்.
எண்ணெய் எங்கிருந்து?
டார்ச்சைப் பல்லில் கவ்வி விரலால் மேலே ஏறினேன்.
கப்பி, பம்பின் மூக்கு, ஹோஸ்,
ஹோஸின் கழுத்தில் ஒரு கிளிப்.
அளவு கொஞ்சம் பெரிது.
திருகின் தலையில் பச்சைப் பெயின்ட்.

திருகுக்குப் பச்சை வைக்கிறவன்
இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

தை மாதம். பொங்கலுக்கு முந்தின நாள்.
வண்டி அப்போது அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவரிடம் இருந்தது.
சரியான அளவு கடையில் இல்லை.
இது போதும் என்று இறுக்கினேன்,
முறுக்குச் சுற்ற வரச் சொல்லி வீட்டிலிருந்து போன் மேல் போன்.
சொரிமுத்துவுக்கு இதெல்லாம் தெரியாது.
அவருக்குப் பச்சை ஒரு நிறம், அவ்வளவுதான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.
"என்னது?" காதில் கை வைத்தார்.
காற்று வேறு.
ஒன்றுமில்லை என்று தலையாட்டியிருக்கலாம்.

கிளிப்பைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேடி
மேசையிலிருந்து ஸ்பானரை நகர்த்தினேன்.
நாங்குனேரிச் சீட்டு பறந்துபோய்த்
தாருக்குள் சொருகிக்கொண்டது.
எடுத்துக் கொடுத்தேன்.
சாவியை அணைத்துவிட்டு
மறுபடியும் சொன்னேன்.