முறைகேடு விசாரணைக் குழு, பாளையங்கோட்டை

குற்றம் சாட்டப்பட்டவை இரண்டு ஒளித்துகள்கள்.
பிறப்பு: ஒரே படிகம், ஒரே கணம்.
ஒன்றுக்குத் தேர்வு மையம் பாபநாசம், அணைக்குக் கீழே.
மற்றதற்கு உவரி, அலை தெறிக்கும் தூரம்.
நடுவே எழுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
ஒளியே ஓடினாலும் கால் மில்லிசெகண்ட்.
அதற்குள் இரண்டும் விடை எழுதி எழுந்துவிட்டன.

வினாத்தாள் சிவப்பு, இல்லையென்றால் பச்சை.
கண்காணிப்பாளர் கடைசி நேரத்தில்
காசு சுண்டிப் பார்த்துக் கொடுப்பார்.
விடை, ஆம் அல்லது இல்லை.
இரு மையத்திலும் பச்சை விழுந்தால்
விடைகள் மாறியிருக்க வேண்டும்.
வேறெப்படி விழுந்தாலும் ஒத்திருக்க வேண்டும்.
அங்கே விழுந்தது இங்கே தெரியாது.

முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டு வந்தால்
நூற்றுக்கு எழுபத்தைந்து.
மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.
உள்ளங்கையில் எழுதி வரட்டும்,
பெல்ட்டுக்குள் சுருட்டி வரட்டும்,
எழுபத்தைந்தைத் தாண்ட வழியில்லை.
இவை எண்பத்தைந்து.

ஜெபரத்தினம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நாம பாத்தது மார்க்கு மட்டுந்தானே டீச்சர்.
எழுதயில அதுக மனசுல என்ன இருந்துச்சுன்னு
எந்த விதியில கேக்கச் சொல்லியிருக்கு?
மார்க்கப் போடுங்க, கையெழுத்தப் போடுங்க."

பீர்மைதீன் விடவில்லை.
"நடுவுல ஒரு நூல் ஓடுதுவே.
அத அறுக்கவும் ஏலாது, அதுல சேதி அனுப்பவும் ஏலாது."
"பெறவு அத நூலுன்னு ஏன்வே சொல்லுதீரு?"

கோமதிநாயகம் பஜ்ஜியைப் பிட்டபடி சொன்னார்:
"ஆம் எழுதின உவரியும் உண்டு, இல்லை எழுதின உவரியும் உண்டு.
எந்த உவரிக் கட்டு எந்தப் பாபநாசக் கட்டோட சேருதுங்கறதுதான் கேள்வி.
இன்னொரு பாளையங்கோட்டையில
இதே குழு வேற மார்க்கு கூட்டிக்கிட்டிருக்கு."
அங்கேயும் பஜ்ஜியில் உப்பு இல்லையா
என்று நான் கேட்கவில்லை.

பெயரில்லாமல் ஒரு கடிதமும் வந்திருந்தது:
காசு எப்படி விழும் என்பதே
தலையில் எழுதியிருந்ததாம்,
கண்காணிப்பாளர் தலையிலும் துகளின் தலையிலும் ஒரே கையால்.
அப்படியானால் கடிதமும் எழுதியிருந்ததுதான்.
கோப்பில் சேர்த்தேன்.

என்னை இடறியது எண்பத்தைந்து அல்ல,
விட்டுப்போன பதினைந்து.
திருட்டுக் கம்பி ஒன்று இருந்திருந்தால்
நூறும் வாங்கியிருக்கலாமே.
ஒரு வேலியைத் தாண்டிக் குதித்தவை
யாரும் கட்டாத இன்னொரு வேலிக்கு முன்னால்
ஏன் நின்றன?
இதை மூவருமே பேசவில்லை.

படிவத்தில் மூன்று கட்டம்:
முன்பே பேசியது, இடையில் சொன்னது, தற்செயல்.
மூன்றிலும் பெருக்கல் குறி போட்டுவிட்டு
ஸ்கேல் வைத்து நான்காவது வரைந்தேன்.
தட்டச்சு செய்யும் சுடலி எட்டிப் பார்த்தாள்.
"இதுக்குத் தலைப்பு என்னக்கா?"
கோடு மட்டும் அடி என்றேன்.

இன்னொன்றும் பதிவாக வேண்டும்.
பாபநாசக் கட்டுதான் முதலில் வந்தது.
ஆம், இல்லை, இல்லை, ஆம், இல்லை:
தகரத்தில் தூறல் விழுவதுபோல்.
அதில் யார் என்ன குற்றம் காண முடியும்?
உவரிக் கட்டு ஏறிய திசையன்விளை வண்டி
மூலைக்கரைப்பட்டியில் டயர் வெடித்து நின்றது.
ஐந்து மணி நேரம்
ஒரு தப்பும் நடக்காத தாள்களைச் சுற்றி
நாங்கள் நால்வர் உட்கார்ந்திருந்தோம்.
காலையிலேயே நடந்து முடிந்திருந்ததா,
சாக்கு அவிழ்ந்தபோதுதான் நடந்ததா?

நடத்துநர் கட்டுக்கு லக்கேஜ் போட்டிருந்தார், பதினெட்டு ரூபாய்.
ஓர் ஊரிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி வந்தது என்பதற்கு
எங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்தச் சீட்டு.
அறிக்கையோடு பின் அடித்திருக்கிறேன்.