கெடு

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு
ஒரு போட்டோ வந்தது.
கூடவே இரண்டு பக்க மருத்துவ அறிக்கை.
வயது பதினொரு மாதம்.
எடை ஆறு கிலோ எண்ணூறு.
இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது.
பெயர் ஜெனிபர்,
யாரோ நைட் டூட்டி நர்ஸ் வைத்ததாக இருக்கும்.

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
சம்மதம் என்ற பொத்தானை அழுத்தவேண்டும்.
தவறினால் வரிசையில்
அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

கெடு என்கிறார்கள் இதை.
தவணையும் அந்தச் சொல்தான், சாபமும் அந்தச் சொல்தான்.
நான்கு வருடம் காத்திருந்தவர்களுக்கு
இரண்டே நாள்.
ஒரு பட்டுச்சேலை எடுக்க
மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தவள் நான்.

செவ்வாய்ப்பேட்டையில் சுவருக்குக் காது உண்டு,
நாத்தனார் கஸ்தூரிக்கு அதைவிடப் பெரிய காது.
"யார் பெத்ததோ" என்று ஆரம்பித்தால்
இட்லி ஆறிக் கல்லானாலும் நிறுத்தமாட்டாள்.
எனவே ஞாயிறு மத்தியானம்
"ஏற்காட்டுல ஒரு ஆர்டர்" என்று பொய் சொல்லிவிட்டு
ஸ்கூட்டரை எடுத்தார் சித்தேஸ்வரன்.
பட்டறைப் புகை இன்னும் சட்டையில் இருந்தது.

அடிவாரம் தாண்டியும் பேச்சில்லை.
நாலாம் வளைவிலும் இல்லை.
ஏழில் நான் சொன்னேன்,
"மாவுக்கட்டு போட்டே நேராக்கிடலாமாம்."
ஒன்பதில் இவர் கேட்டார்,
"ஆகலைன்னா?"
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.
காற்று மட்டும் குளிர்ந்துகொண்டு வந்தது.

பகோடா பாயிண்ட்டில் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனோம்.
பள்ளத்தாக்கு இல்லை, வெறும் மூட்டம்.
போனில் ஒரு கோடும் இல்லை.
மிளகாய் பஜ்ஜி வாங்கினோம்.
அறிக்கை மடித்திருந்த பையில் எண்ணெய் படாமல்
தூக்கிப் பிடித்துக்கொண்டே தின்றேன்.

எனக்குப் பயம் அந்தப் பாதத்தைப் பற்றி இல்லை.
ஐந்து ரோட்டு ஆஸ்பத்திரியில்
மூன்று தடவை கையெழுத்துப் போட்டோம்.
மூன்று தடவையும் நம்பித்தான் போட்டோம்.
கடைசியாகக் கட்டிய பில்லோடு
அந்தச் சொல்லையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவள்
மறுபடி எதை வைத்து ஆமாம் சொல்வது?
இதை இவரிடம் சொல்லவில்லை.
பஜ்ஜியில் காரம் என்று சொன்னேன்.

இறங்கும்போது ஆறு மணி இருக்கும்.
ஒரு வளைவில் காட்டெருமை நின்றுகொண்டிருந்தது,
பாதையின் குறுக்கே,
வாடகை பாக்கியைக் கேட்க வந்ததுபோல.
பஸ் நின்றது. பெங்களூர்க் கார் நின்றது.
எல்லா இன்ஜினும் அணைந்தபோது
சில்வர் ஓக் இலைகளிலிருந்து
நீர் சொட்டும் சத்தம் கேட்டது.

இவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து
ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து எதையோ பார்த்தார்.
பிறகு, எருமையைப் பார்த்தபடியே,
"வலது காலுக்கு நாலரை இன்ச் போதும்.
இடதுக்குத் தனியா அளவு எடுக்கணும்,
கட்டுப் பிரிச்சப்புறம்" என்றார்.

பதினெட்டு வருடமாகக் கொலுசு பத்தவைக்கிறார்.
ஜோடி ஜோடியாகத்தான்.
தனி அளவு என்று
இவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

போனை எடுத்தேன்.
ஒரு கோடு வந்தது, போனது, வந்தது.
கை நடுங்கியது குளிரால் என்று வைத்துக்கொள்ளலாம்.
அழுத்தினேன்.
சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது.
சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

எருமை என்ன நினைத்ததோ,
காப்பிச் செடிகளுக்குள் மெதுவாக இறங்கிப்போனது.
பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார்.
"போச்சா?"
"தெரியலை."
"சரி, உக்காரு."

கீழே சேலம் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியிருந்தது.
வழக்கமாக இவர் முதுகோடு ஒட்டிக்கொள்வேன்.
அன்று
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்
கொஞ்சம் இடம் விட்டு
உட்கார்ந்தேன்.